ஏழாம் வரிசை

திரையின் இடப்பக்கம் ஒரு கிழிசல்,
டிரம்ஸ் முன்னால் நான் உட்காரும் உயரத்துக்குச் சரியாக.
ஹல் துறைமுகத்தை விட்டதிலிருந்து
அதன் வழியாகத்தான் எனக்கு உலகம்.

காட்சி எட்டரைக்கு.
ஏழே காலுக்கே வந்துவிடுகிறாள் வினிஃப்ரெட் ஆப்பிள்கார்த்.
ஏழாம் வரிசையில் எட்டு இருக்கை.
முதலில் பழுப்பு ஸ்வெட்டர், கைகளை விரித்து,
இருக்கைக்கு ஒரு கையாக.
பிறகு மூக்குக்கண்ணாடிக் கூடு,
பாதி படித்த துப்பறியும் நாவல்,
ஊசி குத்திய கம்பளி உருண்டை,
சாப்பாட்டுக்கூடத்து நாப்கின்
(திருட்டு என்று சொல்லமாட்டேன்,
கப்பலை விட்டு அது எங்கே போகும்).
அடுத்ததற்குப் பொருள் தீர்ந்து
இடது கால் செருப்பு.
எட்டாவதில் அவள்.

ரொடேலியோ வருவான், இலோய்லோக்காரன்,
லேமினேட் செய்த அட்டையோடு:
கால்மணி நேரத்துக்கு மேல்
இருக்கை பிடித்து வைக்கலாகாது.
மெனு நீட்டும் பணிவோடு நீட்டுவான்.
அவளால் படிக்க முடியாது.
கண்ணாடி கூட்டுக்குள்,
கூடு இருக்கையில்.

"இங்கே ஆள் இருக்கிறதா?"
கேட்டவர் லாக்லன் டல்கீஷ், அபர்தீன்.
முழங்கால் புதிது, கைத்தடி பழையது.
"வருகிறார்கள்."
நிகழ்காலத்தை இவ்வளவு நேரம்
யாரும் இழுத்துப் பிடித்து நான் கேட்டதில்லை.
எட்டு இருபத்தொன்பதுக்கு வந்தார்கள்,
தங்கை டொரீனும் பெவர்லியின் சீட்டாட்டக் கூட்டமும்
கையில் கோப்பையும் வாயில் சிரிப்புமாக.
ஸ்வெட்டரைச் சுருட்டி அவள் மடியில் போட்டார்கள்.
கொஞ்சம் தள்ளேன், இன்னும் கொஞ்சம்.
தள்ளித் தள்ளி
தூணுக்குப் பின்னால் போய் முடிந்தாள்.
பாதி மேடைதான் தெரிந்திருக்கும்.
என் பாதி இல்லை.

மூன்றாம் இரவு டல்கீஷ்
கைத்தடி நுனியால் செருப்பைத் தள்ளினார்.
தடி செருப்பைத் தொட்டது அவ்வளவுதான்,
அரங்கமே திரும்பியது.
"பொதுச்சொத்து அம்மா, இது பொதுச்சொத்து!"
"என் செருப்புமா?"
அதற்கு அவரிடம் பதிலில்லை.
பால்கனிக்குப் படியேறினார், பதினெட்டுப் படி.
எண்ணினேன். என் தொழில் அது.

ஐந்தாம் இரவு
ஸ்டாட் முனையைத் தாண்டியதும் கடல் எழுந்தது.
கைப்பிடிக் கம்பிகளில் காகிதப் பைகள் செருகியிருந்தன.
என் சிம்பல் தானாகவே முனகியது.
அறுநூறு இருக்கை, ஆளில்லை.
அவள் வந்தாள். பரப்பினாள்.
நாவல் சரிந்தது.
கம்பளி உருண்டை நடைபாதையில் ஓடி
மேடையடியில் முட்டி நின்றது,
நூலின் மறுமுனை இன்னும் ஏழாம் வரிசையில்.
பெவர்லிக் கூட்டம் அறைகளில்
பச்சை ஆப்பிளைக் கடித்துக்கொண்டு கிடந்தது.

எட்டரை.
ஒவ்வொரு முதுகாகப் பற்றிப் பற்றி
இறங்கி வந்தார் டல்கீஷ்.
எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம்.
ஏழாம் வரிசையில் நின்றார்.
"இங்கே ஆள் இருக்கிறதா?"

வாசலைப் பார்த்தாள்.
கப்பல் ஏறியது, நின்றது, விழுந்தது.
செருப்பை எடுத்துக்
காலில் மாட்டிக்கொண்டாள்.

அன்று முழுக் காட்சியும் வாசித்தோம்,
ரொடேலியோவோடு சேர்த்து மூன்று பேருக்கு.
உருண்டையை அவன்தான் சுற்றிக்கொண்டு வந்தான்.
நடனக்காரிகள் இருவர் விழுந்தார்கள்.
யாரும் சிரிக்கவில்லை, அவளைத் தவிர.

மறுநாள் கடல் எண்ணெய் விட்டது போல.
எட்டு இருபத்தொன்பதுக்குக் கூட்டம் வந்தது, கோப்பையோடு.
உட்கார்ந்து பார்த்தால் ஓர் இருக்கை குறைகிறது.
நடுவில், தூணுக்கு வெகு தூரத்தில்,
வினிஃப்ரெட்.
பக்கத்தில் பழைய கைத்தடி, படுத்தபடி.
டொரீனின் கணவர் அதை எடுக்கக் கை நீட்டினார்.
"ஆள் இருக்கிறது," என்றாள்.
"யார்?"
"வருகிறார்."

அவர் கோப்பையோடு நடைபாதையில் நிற்க,
ரொடேலியோ அட்டையை நீட்ட,
கிழிசலுக்குள் மூக்கை நுழைத்திருந்த நான்
எண்ணிக் கொடுக்க வேண்டிய நான்கைத் தவறவிட்டேன்.
டிரம்பெட் தனியாகத் தொடங்கிவிட்டது.