டோல்கேட் தாண்டி, நாற்பது டிரெய்லருக்குப் பின்னால்

முதல் நோட்டை எண்ணூர் மழையில் விட்டுவிட்டேன்.
வருத்தமில்லை.
டீச்சர் வாயைத் திறந்ததிலிருந்து மூடியது வரை
அத்தனையும் அதில் இருந்தது.
இருமியதைக்கூட எழுதியிருப்பேன்.
வீட்டுக்கு வந்து பிரித்தால்
என் கையெழுத்தே என்னிடம் முகம் கொடுக்காது.

தண்டையார்பேட்டையில்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே வகுப்பு.
அஸ்மா டீச்சர் என்னைவிடப் பதினோரு வயது சின்னவர்.
நோட்டைப் புரட்டினார், திட்டவில்லை.
'அண்ணா, இது ஓவர்லோடு' என்றார்.
டிரெய்லர்காரனிடம் அப்படிச் சொன்னால்
விளங்காமலா போகும்.

அதோடு இன்னொரு வம்பு.
எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.
ஒன்பது இடத்தில் 'பேக்'.
எது பை, எது பின்னால், எது கட்டு?
மூன்று கம்பெனி சரக்கு
ஒரே பெட்டியில் ஏறியிருந்தது.
இப்போது பைக்குக் காது வரைகிறேன்.
பின்னாலுக்கு ஒரு அம்பு.
கட்டுக்குக் குறுக்கே கயிறு.
டில்லிபாபு வண்டியின் பக்கவாட்டில் தட்டித் தட்டி
பேக், பேக், பேக் என்று கத்தும்போது
எனக்கு அம்புதான் தெரிகிறது.

இரண்டாவது நோட்டு கோடு போடாதது.
இடப்பக்கம் மூன்று விரல் தள்ளி
நானே ஒரு கோடு கிழித்தேன்.
வலது பக்கம் பாடம், அதுவும் ஆறு வரிதான்.
இடது பக்கம் வகுப்பில் சும்மா கிடக்கும்.
ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு
அங்கே கேள்வி மட்டும் எழுதுவேன்.

மறுநாள் டோல்கேட் தாண்டி வண்டி நிற்கும்.
முன்னால் நாற்பது டிரெய்லர்,
அதற்கும் முன்னால் துறைமுகம் இருப்பதாக ஒரு நம்பிக்கை.
இன்ஜினை அணைத்து
ஸ்டீயரிங்மேல் நோட்டை வைப்பேன்.
கேட் பாஸால் வலது பக்கத்தை மூடிவிட்டு
கேள்வியைப் பார்த்து வாயால் பதில் சொல்வேன்.
தப்பினால் ஒரு புள்ளி.
மூன்று புள்ளி சேர்ந்த வார்த்தை
கண்ணாடியில் ஒட்டப்படும்,
ஓனர் கட்டிய எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில்.

'அண்ணே, இன்னா, டீசல் கணக்கா?'
'ஆமாண்டா.'

பெரிய பாடம் ஒன்று வந்தது.
பெயரே ஒரு முழம்.
பெயரை எழுதவில்லை.
'ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்'
என்று மட்டும் வலது பக்கத்தில்.
இடது பக்கத்தில்: இன்னும் முடியலையா?
சின்ஸ் என்றால் சீட்டில் அச்சான நேரம்.
ஃபார் என்றால் அதற்குப் பிறகு குடித்த டீ.
வகுப்பில் இதை எல்லாரையும்விட
முதலில் பிடித்தவன் நான்தான்.
கடற்காற்றில் உப்போடு உட்கார்ந்து
ஒன்பது வருடமாய்
அந்த வாக்கியத்துக்குள்ளேதானே இருக்கிறேன்.

ஏற்கெனவே தெரிந்ததை எழுதச் சொன்னார் ஒருநாள்.
பத்து தேறும் என்று நினைத்தேன்.
சீல், லாஷிங், ரீஃபர், யார்டு, டிமரேஜ்,
கிளட்ச், பெர்மிட், ஓவர்டைம், ஃபைன்...
இருநூற்றுப் பன்னிரண்டில் பேனா தீர்ந்தது.
எட்டாவதோடு நின்றவன் வாயில்
இத்தனை சரக்கு
பில் போடாமலே கிடந்திருக்கிறது.

கடைசிப் பக்கத்தை டீச்சரிடம் காட்டவில்லை.
அங்கே ஒரு காகிதம் மடித்து ஒட்டியிருக்கிறது.
போன ஆடியில் ஒரு பெட்டி நசுங்கியபோது
ஆபீஸில் நீட்டினார்கள்.
கீழே பென்சிலால் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி,
அங்கே கையெழுத்து.
மேலே முப்பத்தெட்டு வரி.
போட்டேன்.
இரண்டு மாதச் சம்பளம் போனது.

வாரத்துக்கு ஒரு வரி என்று கணக்கு.
ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம்
ஒரே கேள்விதான் எழுதியிருக்கிறேன்: யார்?
பதினோராவது வரியில் 'லயபிள்'.
நேற்றும் சொன்னேன், தப்பு.
இன்று கேட் பாஸை வைத்து மூடி
மறுபடி வாயைத் திறக்கிறேன்.

கதவில் இரண்டு தட்டு.
'அண்ணே, நவுருது, எடு எடு!'

சாவியைத் திருகுமுன்
அந்த வார்த்தைக்குப் பக்கத்தில்
இரண்டாவது புள்ளி வைக்கிறேன்.