பத்தரை மாற்று

சாலைக்கு உப்புப் போடத் தொடங்குமுன்
அக்டோபரிலேயே வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டேன்.
பேட்டரி இப்போது சமையலறை அலமாரியில்,
ஓட்ஸ் டப்பாவுக்குப் பக்கத்தில்.
இரண்டே இருக்கை. முப்பத்தொரு வயது.
முன்விளக்குகள், பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் இமைகள்போல
ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் திறக்கும்.
அதை நான் பழுது என்று சொல்வதில்லை.

மே மாதம் வரை நேரம் இருக்கிறது
முடிவெடுக்க.

எர்க்கோ சொல்கிறான்:
நான்கு விரற்கடை தாழ்த்து.
சைலன்சரைப் பிடுங்கி எறி. டர்போ ஒன்று வை.
நூற்றுப் பதினைந்து குதிரையை வைத்துக்கொண்டு
மரலாரிக்குப் பின்னால் எத்தனை காலம் புகை குடிப்பாய்?
அவன் வண்டியில் கூடப் பிறந்தவை
கதவுகள் மட்டும்தான்.
அதிலும் ஒன்று வேறு நிறம்.

துர்க்குவிலிருந்து வந்த விர்தானென்
கையில் பூதக்கண்ணாடி.
போல்ட்டுத் தலைகளில் தொழிற்சாலை வைத்த மஞ்சள் பொட்டை
ஒவ்வொன்றாகத் தேடினான்,
குதிரைக்குப் பல் பிடித்துப் பார்ப்பவன்போல.
பிறந்தமேனிக்கு இருக்கிறது, என்றான்.
இப்படியே விடு.
மாற்றாமல் இருந்தால்தான் மாற்றுக் குறையாது.
ஒரு தொகை சொன்னான்.
அந்தத் தொகைக்கு என் வீட்டுக் கூரையை மாற்றலாம்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில்
உனக்கு எப்படி இருந்தால் தோதுப்படும் என்று
யாரும் என்னைக் கேட்டதில்லை.
நெம்புகோல் இருக்கும் இடத்துக்குக் கை போகும்.
என் வலது தோள் அதற்கேற்ப இறங்கிவிட்டது,
டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டினாள்.
நானே ஒரிஜினல் இல்லை.

ஜனவரியில் பெட்டி வந்தது.
நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக் அப்சார்பர், எல்லாம் நீலம்.
எர்க்கோவிடம் மூச்சு விடவில்லை.
மூன்று வாரம் அதன்மேல் காபிக் கோப்பை வைத்தேன்.
வளையம் வளையமாகக் கறை.
திருப்பி அனுப்பும் கெடு
ஒரு வியாழக்கிழமையாக வந்து, போனது.

வளைவில் அது சற்றுச் சாயும்.
ஹமினா சாலையில்,
பாலம் தாண்டியதும் வரும் இடப்பக்க வளைவில்,
முதலில் மூக்கு யோசிக்கும்,
பிறகு இடுப்பு ஒப்புக்கொள்ளும்.
அந்த அரை நொடி.
அதைக் காப்பாற்றுவதா தீர்த்துக்கட்டுவதா
என்பதுதான் கேள்வி.
மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலை.

பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
ஹீட்டர் என் கணுக்காலை மட்டும் சூடாக்கியது.
ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன்,
சும்மா பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று.
ஸ்பிரிங்கில் ஏறியிருந்த துருவைத் தேய்த்தால்
உள்ளே பச்சை.
தொழிற்சாலை பூசியது கறுப்பு என்கிறது கையேடு.
இன்னும் தேய்த்தேன்.
ஆணியால் கீறிய எழுத்து:
ஹெல்வி. 6.8.99. கொஞ்சம் மென்மை.

கொஞ்சம் மென்மையாம்!
யாரோ ஒருத்தி,
முதுகுவலிக்கோ, பக்கத்து இருக்கை நாய்க்கோ,
எட்டு மாத வயிற்றுக்கோ,
என் வளைவையெல்லாம் எனக்கு முன்பே
தனக்கென்று திருத்தி வைத்திருக்கிறாள்.
கை படாத வண்டி என்று
கோட்காவில் பாதிப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.
ஏழு வருடம் நான் காவல் காத்தது
ஹெல்வியின் இடுப்புவாக்கை.
பூதக்கண்ணாடிக்கும் அது தெரியவில்லை.

விர்தானெனிடம் சொல்ல வேண்டும். தொகை இறங்கும்,
கூரை இந்த வருடமும் ஒழுகும்.
எர்க்கோவிடம் சொன்னால்,
பிறகென்ன, தாழ்த்து என்பான்.
இரண்டு பேரிடமும் சொல்லவில்லை இன்னும்.

பெட்டியைக் கிழித்து ஒரு நீலத்தை எடுத்து
அவளுடைய பச்சைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒன்றரைச் சுற்றுக் குறைவு. நல்ல கனம்.
கைக்கு ஓர் ஆணியும் அகப்பட்டது.
பெயர் சுலபம். தேதியும் சுலபம்.
மூன்றாவதாக என்ன கீறுவது என்றுதான்
விரல் விறைக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே போய்ப் பேட்டரியைச் சோதித்தேன்.
பன்னிரண்டரை வோல்ட். குறையவில்லை.