பழைய பதிப்பின் அமைப்புகளைக் கொண்டுவரவா?

உலான்பாத்தரில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஹீட்டருக்குப் பக்கத்தில் கணினி
தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது,
அறுபத்தெட்டு சதவீதத்தில் நின்று மூச்சு வாங்குகிறது.

பாஸ்போர்ட் படம், விசாப் படம்,
கொரியாவுக்கு வேலைக்குப் போகிறவர்களின் படம்.
காதுகள் தெரிய வேண்டும், பற்கள் தெரியக் கூடாது.
பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

முடிந்ததும் ஒரு பெட்டி கேட்டது:
பழைய பதிப்பின் அமைப்புகளைக் கொண்டுவரவா?
ஆம். இல்லை.
பிறகு பார்க்கலாம் என்று ஓரத்தில் மூன்றாவது,
கடன்காரனுக்குச் சொல்கிற குரலில்.

ஆம் என்றேன்.
தூரிகைகள் வந்தன, வண்ணக் கட்டங்கள் வந்தன.
குறுக்குவிசைகள் வரவில்லை.
பழைய குருடி கதவைத் திறடி என்று
கை போய் அரைப்புள்ளியைத் தட்டுகிறது,
திரையில் ஒன்றும் அழியவில்லை.

அந்த விசைகள் நான் வைத்தவை அல்ல.
மூன்க்சூல் வைத்தவை. இடக்கைக்காரி.
பேனா இடது கையில், ஆகவே கட்டளைகள் எல்லாம்
விசைப்பலகையின் வலது ஓரத்தில்.
அழிக்க அரைப்புள்ளி,
அழித்ததை மீட்க அடைப்புக்குறி.
மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்,
நான்காவது வாரம் அவள் விமானம் ஏறிவிட்டாள்.
மாற்றத் தெரியவில்லை எனக்கு, கேட்கக் கூச்சம்.
வலது கையில் பேனா,
இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டி
யாரையோ அணைத்துக்கொள்வதுபோல் வேலை செய்தேன்.
தோளைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் கேட்டார்,
விபத்தா என்று.

கெர் கூடாரத்தைப் பிரித்து
எந்தச் சமவெளியில் மறுபடி எழுப்பினாலும்
வாசல் தெற்கே, அடுப்பு நடுவே.
நள்ளிரவில் எழுந்தவன் விளக்கில்லாமல்
தேநீர்க் கெண்டியை எடுப்பான்.
இந்த மென்பொருளை எழுதியவர்கள்
சுவரோடு பீரோ பதித்த வீடுகளில்
வளர்ந்திருக்க வேண்டும்.

மதியம் நர்மந்தாக் வந்தாள், ஐந்து வயது மகனோடு
சதுக்கத்தில் எடுத்த படத்தைக் கொடுத்தாள்.
நிலக்கரிப் புகை, பின்னால் கட்டடமே இல்லை.
இதற்கென்றே எனக்கு மூன்று அமைப்புகள் இருந்தன:
புகை நவம்பர், புகை ஜனவரி,
புகை ஜனவரி (காற்று இல்லாத நாள்).
அவையும் வந்து சேரவில்லை.
புதிய பதிப்பில் ஒரே பொத்தான், தானே எல்லாம் செய்யும்.
அழுத்தினேன்.
வானம் நீலமானது, ஜன்னல்களை எண்ணலாம்.
நர்மந்தாக் குனிந்து பார்த்தாள்.
"இவன் டிராகன் மாதிரி ஊதினானே,
அது எங்கே?"

பையனின் உதடுகள் குவிந்திருந்தன,
எதிரே எதுவும் இல்லை.

நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டு
மறைந்த கோப்புறைகளுக்குள் இறங்கினேன்.
அடைமொழியும் எண்களுமாகப் பாதை,
ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று,
எட்டாவதில் இருந்தது எல்லாம்.
புகை மூன்றும்.
விசைகளின் கோப்பும், அவள் பெயரில்.
கடைசியாகத் திருத்திய தேதி
அவள் விமானம் ஏறிய நாளின் காலை.

படம் பிடித்து அன்சானுக்கு அனுப்பினேன்.
இரவுப் பணி முடிந்து பதில் வந்தது:
"இன்னுமா வைத்திருக்கிறாய்?
இங்கே எல்லா மவுசும் வலது பக்கம்.
நான் மாறிப் பல வருடம்.
உன் கைக்கு ஏற்ப வைத்துக்கொள், பைத்தியம்."

சரிதான்.
எந்த விசைக்கும் எந்த வேலையும் தரலாம் இப்போது,
பட்டியல் வெறுமையாகத் திறந்திருக்கிறது.
என் இடது கைக்குப் பக்கத்திலேயே
அழிக்க ஒன்று, மீட்க ஒன்று வைத்தேன்.
ஒரு மணிநேரம் நன்றாகத்தான் போனது.
தோள் வலிக்கவில்லை.
ஒரு சிப்பாயின் நெற்றித் தழும்பை
அழிக்கக் கூடாது என்று தெரிந்தே அழித்துவிட்டேன்,
அவ்வளவு எளிதாக இருந்தது.

கோப்பை நகலெடுத்தேன்.
புதிய வீட்டின் எட்டாவது அறையில் ஒட்டினேன்.
மறுபடி தொடங்கினால்தான் நடைமுறைக்கு வரும் என்றது.
தொடங்கட்டும் என்று காத்திருக்கையில்
கை ஏற்கெனவே குறுக்கே போயிருந்தது.

முதல் வேலை தழும்பு.
அடைப்புக்குறி.
அடுத்தது பையனின் மூச்சு.