இரண்டாவது பிரேக்

பகலில் என் பிழைப்பே இடம், வலம்தான்.
சாந்த்-எத்தியேன் நகரின் சரிவுத் தெருக்களில்
இருபத்து மூன்று வருடமாய்
பிறர் கைகளுக்குத் திசை சொல்கிறேன்.
என் காலடியில் இன்னொரு பிரேக்,
என் உயிருக்கும் அவர்கள் உயிருக்கும் பொதுவாக.

செவ்வாய் இரவு நாடக வகுப்பு.
முதல் நாளே கொலீன் சொன்னாள்
(அவளுக்கு இருபத்தாறு, எனக்கு ஐம்பத்தொன்று):
"மேடையில் இடமும் இல்லை வலமும் இல்லை, ஓதீல்.
உன் இடம் பார்ப்பவருக்கு வலம்.
சண்டை வேண்டாமென்று
ஒரு பக்கத்தை முற்றம் என்கிறோம்,
மறுபக்கம் தோட்டம்.
ஜனத்தைப் பார்த்து நில்.
நெஞ்சு துடிக்கிற பக்கம் முற்றம்."
எங்கள் மொழியில் முற்றமும் இதயமும்
ஒரே எழுத்தில் தொடங்கும்.

மேடையின் பின்புறத்துக்குப் பெயர் தொலைவு.
முன்புறத்துக்குப் பெயர் முகம்.
தொலைவுக்கு ஏறுவார்கள், முகத்துக்கு இறங்குவார்கள்.
பலகை சமமாய்த்தான் கிடக்கிறது.
ஒரு காலத்தில் சரிவாம்.
சொல் மட்டும் இன்னும் சரிகிறது.

வசனம் மறந்தால் குழியில் விழுந்தான் என்பார்கள்.
உணர்ச்சியே இல்லாமல் கடகடவென்று ஒப்பித்தால்
அதற்குப் பெயர் இத்தாலிக்காரி,
ஏனென்று கேட்டால் ஆளுக்கொரு கதை.
கயிறு என்ற சொல்லை மேடையில் உச்சரித்தவர்
எல்லோருக்கும் பீர் வாங்க வேண்டும்.
நான் இரண்டு முறை வாங்கினேன்.
எல்லோரும் போன பின் இரவெல்லாம் எரியும் ஒற்றை பல்பை
வேலைக்காரி என்கிறார்கள்.
அதை மட்டும் நான் விளக்கு என்றே சொல்கிறேன்.
என் அம்மா பார்த்த வேலை அது.

மூலூத் என் கணவன், இரண்டாம் காட்சியில்.
குழாய் பழுது பார்ப்பவன், நல்லவன், தந்திரக்காரன்.
பேசப் பேச ஓரோர் அடியாய்த் தொலைவுக்கு ஏறுவான்.
அவன் முகம் பார்த்துப் பேச நான் திரும்பினால்
ஜனத்துக்கு என் முதுகுதான் மிச்சம்.
இதற்கும் ஒரு சொல் உண்டு, கொலீன் சொன்னாள்.
நான் குறித்துக்கொள்ளவில்லை,
என்னிடம் வேறு சொல் இருந்தது.

அரங்கேற்ற இரவு.
அறுபது நாற்காலி, நாற்பத்தொரு பேர்.
மூலூத் தொலைவில், முற்றத்துப் பக்கம், ஜன்னலோரம்.
"உன் அண்ணன் வந்துபோனான்" என்று அவன் சொல்ல வேண்டும்.
அதுதான் எனக்கு அடியெடுத்துக் கொடுக்கும் வரி.
சொல்லவில்லை.
வாய் திறந்திருக்கிறது. கண் குழிக்குள்.
கீழேயிருந்து ஓதிக்கொடுப்பவரின் கூண்டை
ஆணியடித்து மூடி எத்தனையோ வருடம்.
யாரோ இருமினார்கள்.
நான் யோசிக்கவில்லை.
வலது கால் தானாய் எழுந்து
பலகையை ஓங்கி மிதித்தது,
இல்லாத பிரேக்கை.

"உன் அண்ணன் வந்துபோனான்" என்றான்.
அரங்கமே மூச்சு விட்டது.
இரண்டாம் வரிசையில் யாரோ அழுதார்களாம்.

மறுநாள் கொலீன் பிரதியில் பென்சிலால் எழுதினாள்:
இங்கே மிதி.
மிதித்தேன்.
மூலூத் நேரத்தோடு, ஒழுங்காய்ச் சொன்னான்.
தூசி எழுந்தது. வேறொன்றும் எழவில்லை.
மூன்றாம் நாள் அவளே அதை அழித்தாள்.
ரப்பர் தூள் இன்னும் அந்தப் பக்கத்தின் மடிப்பில்.

திங்கட்கிழமை. ரவுண்டானா. மழை.
பத்தொன்பது வயது நவால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி
"இடதா?" என்றாள்.
"முற்றத்துப் பக்கம்" என்றேன்.
கண்ணாடியில் அவள் முற்றத்தைத் தேடினாள்.
என் கால் பிரேக்கின் மேல்,
மிதிக்காமல்.