இடது பக்கம் பிந்துகிறது

அறுபத்தொன்பதாம் வருடத்து டிரையம்ப்.
இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர்,
இரண்டும் தேய்ந்துவிட்டன.
உள்ளே ஸ்லைடை விரலால் ஆட்டினால்
ஆடுகிற பல்போலக் கடகடத்தது.
சிவப்பு விளக்கில் நின்றால் அணையும்,
அணையாவிட்டால் உறுமும்.
நடுவில் ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது.

புதியவை தபாலில் வந்தன.
நானூற்று முப்பது பவுண்ட்.
காதும் காதும் வைத்தாற்போல் ஷெட்டுக்குள் கொண்டுபோனேன்.
மேவிஸ் கேட்டபோது
"கொதிகலனுக்கு ஒரு பாகம்" என்றேன்.
கொதிகலன் அன்றிரவே நின்றுபோனது.

பாரோவில் நவம்பர்.
வால்னி தீவைத் தாண்டி மழை படுத்தவாக்கில் வந்தது.
பழையதைக் கழற்றினேன்.
இந்த வண்டியின் நட்டுகள் அங்குலத்தில் பேசுகிறவை.
வந்திருப்பவை ஜப்பான்காரர்கள்,
மில்லிமீட்டருக்குத்தான் வாய் திறக்கும்.
நடுவே ஒரு ரப்பர் கழுத்தும் இறுக்கு வளையமும்
மொழிபெயர்த்தன.
பேட்டரித் தட்டு இரண்டு மில்லிமீட்டர் இடித்தது.
அரத்தால் ராவினேன்.
கறுப்புக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் இன்னோர் அரத்தின் கோடுகள்.
எவனோ எனக்கு முன்பே இங்கே இடித்துக்கொண்டிருக்கிறான்.

பழையதில் ஒரு பொத்தான் உண்டு.
பெட்ரோல் விரல்மேல் வழியும்வரை அழுத்திவிட்டு
அப்புறம்தான் உதை.
பத்தொன்பது வருடம் என் சுட்டுவிரல்
அந்த வாடையோடுதான் ரொட்டி தின்றது.
புதியதில் சோக் நெம்புகோல், அவ்வளவுதான்.
விரல் தன்பாட்டில் போய்
இல்லாத பொத்தானை அழுத்திவிட்டு
வெட்கப்பட்டுத் திரும்பியது.

இரண்டாம் உதையில் பிடித்துக்கொண்டது.

இனி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும்.
ரப்பர் குழாயின் ஒரு முனை கார்புரேட்டர் வாயில்,
மறுமுனை காதில்.
வலதின் மூச்சும் இடதின் மூச்சும் ஒரே அளவா?
எனக்கிருப்பது ஒரு காது.
மற்றதைக் கப்பல் தளத்தில்,
ஒரு நீர்மூழ்கியின் வயிற்றுக்குள்
வெல்டிங் கசடு தட்டிய பதினான்கு வருடத்தில்
விட்டுவிட்டு வந்தேன்.
வலதைக் கேட்டு இடதுக்குப் போவதற்குள்
வலது மறந்துபோகும்.
கால் சுற்று. கேள்.
அரைக்கால் சுற்று. கேள்.
திரும்பவும் முதலிலிருந்து.

அப்போதுதான் காஸன் வந்தார்,
வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர்.
பதினோரு வருடத்தில் நகராட்சிக்கு ஒன்பது கடிதம்,
எல்லாம் என் வண்டியைப் பற்றி.
மழைக்கோட்டுக்குக் கீழே பைஜாமா.
வாயைத் திறந்தார், திட்டத்தான்.
தலையைச் சாய்த்தார்.
"இடது பக்கம் பிந்துகிறது."

எப்படித் தெரியும் என்றேன்.

"சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு
வேறென்ன செய்தேன் என்று நினைக்கிறாய்?
போன ஈஸ்டருக்குப் பிறகு இடது ரொம்ப மோசம்.
வியாழக்கிழமைகளில் உனக்கு அவசரம்,
சூடேறுமுன் முறுக்குகிறாய்."

குழாயை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டார்.
அவர் இடதில், நான் வலதில்,
பெட்ரோல் டாங்குக்கு இருபுறமும் குனிந்து,
என் ஒற்றைக் காதும்
அவருடைய முடி முளைத்த காதும்
ஒரு முழ இடைவெளியில்.
"கொஞ்சம்." திருகினேன்.
"அதிகம்." பின்வாங்கினேன்.
"அங்கே. தொடாதே."

தொடவில்லை.
வண்டி இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது:
சும்மா நின்று ஓடியது.
இருக்கைமேல் வைத்த தேநீர்க் கோப்பை
நடுங்கியதே தவிர நடந்துபோய் விழவில்லை.

காஸன் குழாயைச் சுருட்டிக் கொடுத்தார்.
காதில் கறுப்பாக ஒரு வட்டம்.
"சத்தம் குறையவில்லை," என்றார்.
"தெளிந்திருக்கிறது. இனி இன்னும் நன்றாகக் கேட்கும்."

செவ்வாயன்று கதவுத் துளை வழியே
பத்தாவது கடிதத்தின் நகல் விழுந்தது.
'இரைச்சல்' என்ற சொல்லுக்கு முன்னால்
முதல்முறையாக 'சீரான' என்றிருந்தது.

கொதிகலன்காரனும் அன்றுதான் வந்தான்.
வாங்கி வைத்த பாகம் எங்கே என்றான்.
மேவிஸ் என் பெயரைச் சொன்னாள், இரண்டு முறை.
நான் அந்தப் பழைய காதை,
கப்பல் தளத்துக் காதை,
அவள் பக்கம் திருப்பினேன்.