ஒன்பதாவது துப்பாக்கி

அஞ்செட்டிச் சந்தையில் ஆட்டோவில் மைக் கட்டிப்
பத்து நாள் கத்தினோம்:
வெள்ளிக்கிழமைக்குள் வைத்துவிட்டால் கேஸ் இல்லை.

சனி விடியலில்
மாரியம்மன் கோயில் பின்சுவரில்
பதினோரு நாட்டுத் துப்பாக்கிகள் சாய்ந்திருந்தன,
பந்திக்குக் காத்திருப்பவர்கள் போல.

பட்டியல் நான் எழுதினேன்.
உரிமையாளர்: தெரியாது.
உரிமையாளர்: தெரியாது.
ஏழாவதின் குழலுக்குள் குளவிக்கூடு.
ஒன்பதாவதின் கட்டையில்
சைக்கிள் டியூப் சுற்றிச் செம்புக் கம்பி முறுக்கு.

அந்த முறுக்கு எனக்குத் தெரியும்.
என் வீட்டு மிக்சி ஒயரையும்
அப்படித்தான் கட்டித் தந்தான்
மைத்துனன் கெம்பையா.
போன தையில் அவன் கொடுத்தனுப்பிய கறியை
வெள்ளாடு என்றுதான் தின்றேன்.

ரேஞ்சர் கேட்டார்: ஒன்பது?
தெரியாது, ஐயா.

ராகி பால் பிடிக்கும் நேரம்.
அன்றிரவு முழுக்க
கெம்பையா கொல்லைப் பக்கம்
யாரோ தகரம் தட்டும் சத்தம்.