பெட்டி இரண்டு, கிதார் ஒன்று

பெர்கனில் ஐந்து நாளாக விடாத மழை.
மீன் கிடங்கின் மேல்மாடியில்
என் டிரம்ஸுக்கு இடப்புறம்
சிக்னே புதிதாக வாங்கிய ஆம்ப்.
வலப்புறம் பழையது,
ஆஸ்லோவுக்குப் போன தூர்பியோர்ன்
எடுக்க மறந்தது,
அல்லது மறக்காதது.

கிதாரைப் பிளந்து இரண்டுக்கும் அனுப்பினாள்.
தந்தியைத் தொடும் முன்பே உறுமல்.
"மின்சாரம் தரை தேடிச் சுற்றுது" என்றாள்.
அதை அடக்கவே பாதி மாலை போயிற்று.

பிறகு மீட்டினாள்.
மலை சரியுமென்று
பல்லைக் கடித்துக் காத்திருந்தேன்;
வந்தது
தகர டப்பாவுக்குள் ஒரு கொசு.
தனித்தனியே சுவரை இடித்தவை
சேர்ந்ததும் இளைத்துவிட்டன.
ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது,
நடுவில் காற்று
எந்தப் பக்கமும் போகத் தெரியாமல்.

அணைத்துவிட்டுப் பழையதன் முதுகைத் திறந்தாள்.
ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும்
இடம் மாறிப் பற்றவைத்திருந்தன,
அவன் கைவேலை, அசிங்கமான ஈயக் குமிழ்கள்.
எட்டு வருடம் அப்படியேதான் ஒலித்திருக்கிறது.
தனியாக இருந்தவரை
யார் காதுக்கும் தெரியவில்லை.

அவள் எதுவும் சொல்லவில்லை.
கம்பியை மாற்றினாள், விரலைச் சுட்டுக்கொண்டாள்,
விரலைச் சப்பியபடியே ஸ்விட்சைப் போட்டாள்.

கனத்த ஈ தந்தி
என் விலா எலும்புகளை எண்ணிப் பார்த்தது.
ஸ்நேர் தானாகச் சலசலத்தது.
ஜன்னலில் வழிந்த மழை
ஒரு கணம் நடுங்கி, கோணலாக இறங்கியது.

கீழேயிருந்து ஆர்வித்
துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார்.
நிறுத்தச் சொல்லித்தான் இருக்க வேண்டும்.
ஆனால் தாளம் தப்பவில்லை.
நானும் குச்சியை எடுத்தேன்.